நானூறு

முதலில் துணி.
ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே
இருநூற்று எண்பது ரூபாய், டிராகன் படம்.
மூன்றாம் மாதமே டிராகனின் வயிற்றில்
என் மணிக்கட்டு வழுக்கை போட்டுவிட்டது.
நிறுத்தினால் நிற்கும், நல்ல குணம்.
நகர்த்தினால் யோசிக்கும், அதுதான் சாவு.
அந்த யோசனைக்குள்
தேன்கனிக்கோட்டையில் உட்கார்ந்தபடி
முனிகிருஷ்ணன் என் நெற்றியில்
எழுதி முடித்திருப்பான்.

அப்புறம் கெட்டி பிளாஸ்டிக்.
பழையபேட்டை ஷஃபியுல்லா கொடுத்தான்.
"ஒரு வாரம் வெச்சிப் பாரு,
பிடிக்கலைன்னா கீறல் இல்லாம திருப்பிக் குடு."
ஓடும். ரொம்பவே ஓடும்.
கதவோரம் குறி வைத்தால்
ஜன்னலில் போய் நிற்கும்.
கூடவே அந்தச் சத்தம்,
ராத்திரி ஒரு மணிக்குக் கறுக் கறுக்கென்று
நெல்மூட்டைக்குள் எலி புகுந்த மாதிரி.
பக்கத்து ரூம் ஒடியாக்கார ரஞ்சன்
சுவரைத் தட்டுவான்.

கண்ணாடியிலும் உண்டாம்.
விலை பார்த்தேன்.
ஒரு மாத வாடகையும் ஒரு சிலிண்டரும்.
மூடிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.
பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் லைனில் நிற்கிறவன் நான்.
பன்னிரண்டு தலைகள் வரிசையாய்ச் சுழல,
அறுபதில் தொடங்கி மூவாயிரம் வரை
நம்பர் ஏற ஏறக் கல் முகம் கழுவும்.
சதுர அடிக் கணக்கில்
வழவழப்பைக் கப்பலேற்றிவிட்டு
வழவழப்புக்கா காசு கொடுப்பேன்?

உடைசல் குவியலில் ஒரு துண்டு கேட்டேன்.
ஒன்றரைக்கு ஒன்றரை அடி, கன்னங்கறுப்பு, பதினொரு கிலோ.
டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்திருந்தேன்.
"என்னாப்பா கல்லு?"
"விளையாடறதுக்குண்ணே."
கண்டக்டர் பார்த்த பார்வைக்கு
லக்கேஜ் டிக்கெட் தனி.

மேஜை முனகியது.
கல்லுக்குள் டியூப்லைட் முழுசாய்த் தெரிந்தது.
மௌஸை வைத்து நகர்த்தினேன்.
அம்பு அசையவில்லை.
பிறகு துள்ளி
மூலையில் போய் ஒளிந்தது.
அடிவயிற்றில் இருக்கிற அந்தச் சின்னச் சிவப்புக் கண்
தன் வெளிச்சத்தையே பார்த்துத்
தொலைந்துபோயிருந்தது.
வாங்குகிற ஆளுக்கு
முகம் தெரிந்தால்தான் கல்.
மௌஸுக்கு முகம் தெரிந்தால்
வழி தெரியாது.

அடுத்த புதன் கரண்ட் போய் லைன் நின்றது.
நானூறாம் நம்பர் தலையைத் தாண்டி
மேலே போகாமல் ஒரு ஸ்லாப்,
விளிம்பு சிதறி, தள்ளுபடி.
கறுப்பென்றுகூடச் சொல்ல முடியாது,
மழைக்கு முந்தின சாயங்கால நிறம்.
அதில் ஒரு துண்டு.
மௌஸில் வைத்திருக்கும் வேகமும் நானூறுதான்.
நகர்த்தினேன், போனது.
நிறுத்தினேன், நின்றது.
கொஞ்ச நேரம் ஆட்டத்தைத் திறக்கவே இல்லை,
சும்மா நகர்த்திக்கொண்டிருந்தேன்.

குறையும் சொல்ல வேண்டும்.
டிசம்பர் பனியில் கல் ஐஸ்.
பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டிக்கொண்டேன்.
பதினொரே நாளில் மௌஸின் பாதங்களைக்
கல் தின்றுவிட்டது,
வெள்ளையாய்ப் பொடி.
ஆனாலும் முனிகிருஷ்ணனோடு
பதிமூன்றுக்குப் பன்னிரண்டு வரை வந்தேன்.
பன்னிரண்டு எனக்கு.

"டேய், நீ எதுமேல ஆடறே?"
"அட்டை."
"எந்த அட்டை?"
"காலண்டர் அட்டைடா. காவேரிப்பட்டணம்
மாங்கா மண்டியில குடுத்தது."
ஹெட்போனில் அவன் எதையோ மெல்கிற சத்தம்.
"மாத்தணும். வருசம் முடியுதில்ல."

இன்று காலை ஷிப்டில்
ஈரம் காயாத ஸ்லாப்மேல் உள்ளங்கை வைத்து
இடது, வலது, வெடுக்கென்று நிறுத்தி,
மறுபடியும் இடது.
பின்னால் சூப்பர்வைசர் பொன்னுரங்கம்.
"கொறை ஏதாச்சும் தெரியுதா?"
"தேடறேன்ணே."
"என்னத்த?"
தலை என்று வாய்வரை வந்தது.
பன்னிரண்டும்
சுழன்றுகொண்டிருந்தன.